சகலைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு

என் மனைவியின் தங்கையைக் கட்டியவனுக்கு முனைவர் பட்டம் கிடையாது. பள்ளிக்கூடம் முடித்தபின் ஒரு தொழிற்பயிற்சிச் சான்றிதழ், அதோடு சரி. நான் வேதியியலில் முனைவர். ராணுவ ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் விஞ்ஞானியாக இருந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது முழுக்க அவனைப் பற்றியது. என் பெருமையைச் சொல்ல அப்புறம் இடம் கிடைக்காது.

அவனை எங்கள் கூடத்தில் 'பாதம்' என்று கூப்பிடுவார்கள். வாசல் காவலர், தட்டச்சுப் பெண்கள், சிற்றுண்டிச் சாலையில் தட்டு எடுப்பவர் எல்லாருக்கும் அவன் பாதம் சார். அவன் அதற்குக் கோபப்பட்டதே இல்லை. ஒருமுறை தொலைபேசியை எடுத்து அவனே "பாதம் பேசறேன்" என்றதை என் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. என் முன்னால் யாரும் அதைச் சொன்னதில்லை, அதனால் எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம்.

அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். கல்யாணமான புதிதில் அவன் ஒரு காலணிக் கடையில் வருகிறவர்களுக்கு அளவு பார்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மூத்த மாப்பிள்ளை, நீங்க மனசு வச்சா நடக்கும்" என்பார். எங்கள் கூடத்தின் பூட்ஸ் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. நான் மனசு வைத்தேன். யோசிக்காமல் நான் செய்த காரியங்களில் இதுதான் பெரியது.

பூட்ஸ் பிரிவு தரைத்தளத்தில், பண்டகசாலைக்குப் பக்கத்தில், என் ஆய்வறை இருந்த அதே நடைக்கூடத்தில் இருந்தது. ஒரு பெஞ்சு, ஒரு குட்டை முக்காலி, கைகழுவும் தொட்டி, சுவர் நிறைய அலமாரி. அங்கே இருந்த ஒரே கருவி ஒரு மரப்பலகை. குதிகால் முட்டுவதற்கு ஒரு கட்டை, விரல் நுனிவரை நகர்கிற இன்னொரு கட்டை, ஓரத்தில் மில்லிமீட்டர் கோடுகள். என் அறையில் இருந்த கருவிகளின் பெயரைச் சொல்லவே மூச்சு வாங்கும்.

பொருந்தாத பூட்ஸ்தான் படைவீரர்களைப் படுக்கவைக்கிறது என்று ஒரு ராணுவ மருத்துவர் நம்பினார். வீரர்களின் கால்களை ஒழுங்காக அளந்து எழுத வேண்டும் என்று ஒரு திட்டம் தொடங்கினார். ஐந்தாவது மாதம் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. திட்டத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதனால் என் சகலை நிறுத்தவில்லை. ஒன்றரை வருடம் தினமும் காலையில் முக்காலியில் உட்கார்ந்து, எதிரே வந்து நிற்கிறவர்களின் காலைப் பிடித்து அளந்தான். மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர். காலுறையைக் கழற்றக் கூச்சப்படுகிறவர்களிடம், "துப்பாக்கியையே காட்டுறீங்க, காலைக் காட்ட என்ன வெட்கம்?" என்பான். அவர்கள் சிரிப்பார்கள். நடைக்கூடம் முழுக்கக் கேட்கும். நான் என் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அதைப் பத்தொன்பது பக்கக் கட்டுரையாக எழுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"அண்ணே, இதை ஒரு ஆய்விதழுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். நீங்க ஒரு தடவை படிச்சுப் பார்த்து, உங்க பேரையும் போட்டுக்கறீங்களா? டாக்டர்னு ஒரு பேரு இருந்தா மதிப்பா இருக்கும்."

நான் சிரித்தேன். "கால் அளவுக்கு எதுக்குப்பா என் பேரு" என்றேன். கட்டுரையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மேசையில் அவன் பக்கமாகத் தள்ளினேன். அவன் அதைப் பத்திரமாக உறையில் போட்டுக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனான். அடுத்த வருடம் அது அச்சில் வந்தது. ஆசிரியர் என்று அவன் ஒருவன் பெயர் மட்டும்.

இங்கே என் ஆராய்ச்சியைப் பற்றி இரண்டு வார்த்தை. வெடிமருந்தில் ஈரம் ஏறாமல் காக்கும் ஒரு பூச்சைப் பற்றியது. பதினான்கு அறிக்கைகள் எழுதினேன். பதினான்கும் சிவப்பு முத்திரை குத்தப்பட்டு, இரண்டு சாவி போட்டுத் திறக்கும் பெட்டகத்துக்குள் போயின. அவற்றைப் படிக்க அனுமதி பெற்றவர்கள் மொத்தம் ஆறு பேர். அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர். வெளியே போட அனுமதி கிடைத்தது ஒரே ஒரு கட்டுரைக்குத்தான். அதில் பூச்சின் பெயரையும் வெடிமருந்து என்ற சொல்லையும் எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தபின் மிஞ்சியது ஈரத்தைப் பற்றிய ஒரு கட்டுரை.

பல வருடம் இதெல்லாம் எனக்கு உறுத்தவில்லை. ரகசியம் என்பதே ஒரு கௌரவம் என்று நினைத்திருந்தேன். அப்புறம் புது இயக்குநர் வந்தார். ராணுவம் தன் ஆராய்ச்சிக் கூடங்கள் எல்லாவற்றையும் எடைபோடப் போகிறது என்றார். எத்தனை கட்டுரை வெளியிட்டோம், அவற்றுக்கு எத்தனை மேற்கோள் வந்தது என்று ஒவ்வொரு ஆளுக்கும் கணக்கெடுத்து, சிற்றுண்டிச் சாலைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். சாப்பிடப் போகிறவன் அதைப் பார்க்காமல் போக முடியாது.

மேற்கோள் என்றால் என்னவென்று என் மனைவிக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். நீ ஒன்றை எழுதுகிறாய். உலகத்தில் வேறொருவன் தன் கட்டுரையின் கடைசியில், இன்னார் இப்படி எழுதியிருக்கிறார் என்று உன்னைக் குறிப்பிடுகிறான். அது ஒரு மேற்கோள். நிறையப் பேர் குறிப்பிட்டால் நீ பெரிய ஆள்.

"தங்கச்சி வீட்டுக்காரருக்கு அறுநூத்துச் சொச்சம்னு அவ ஃபோன்ல சொன்னா" என்றாள் மனைவி.

"அறுநூற்றுப் பன்னிரண்டு."

"உங்களுக்கு?"

"நான் செய்யறது ரகசிய வேலைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். சும்மா கேட்டேன். எத்தனை?"

"நாலு."

அவள் துணி மடிக்கத் தொடங்கினாள். அந்த நாலில் இரண்டு நானே என்னைக் குறிப்பிட்டது, ஒன்று என்னிடம் படித்த மாணவன் போட்டது, இன்னொன்று என்னோடு சண்டை போட்ட ஒருவன் நான் சொன்னது தப்பு என்று எழுதியது. அவள் அதைக் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமான வேறு சொல் தேடினால் பொய் சொன்னதாகிவிடும். எங்கள் கூடம் முழுவதற்கும் சேர்த்து வந்த மேற்கோள்கள் இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம். அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரு காலணிக் கடைக்காரன் கணக்கில். இதில் அந்தப் பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம் வேறு. அவன் கையாலேயே போட்டது. நடைக்கூடத்தில் போகும்போது நானே பார்த்தேன். நட்சத்திரத்துக்குக் கீழே அவன் ஏதோ எழுதியதை விடுமுறைப் பட்டியல் மறைத்திருந்தது. நான் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. தன் பெயருக்குத் தானே நட்சத்திரம் போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஆளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சகலை குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தால் மைத்துனி பேச்சை எங்கே தொடங்கினாலும் அங்கேதான் கொண்டுவந்து முடிப்பாள். "அத்தான், வெளிநாட்டுலேருந்து ஒருத்தர் இவருக்குக் கடிதம் எழுதியிருக்கார். 'மதிப்புக்குரிய பேராசிரியர்'னு போட்டு எழுதியிருக்கார். இவருக்கு ஒரே சிரிப்பு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. சகலை, "அதை விடேன்" என்று அவளை அதட்டிவிட்டுத் தரையைப் பார்ப்பான். அவன் கூச்சப்படுவதைக் கண்டால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். பெருமையாவது பட்டிருந்தால் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருக்கலாம்.

அப்போதுதான் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"விஞ்ஞானி நிலையில ஒரு இடம் வந்திருக்கு. நம்ம பாதம் சாருக்குக் கொடுக்கலாம்னு பார்க்கறேன். ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம்தான். விஞ்ஞானியா போகட்டுமே. ஆனா பட்டம் இல்லாதவரை ஏத்தறதுன்னா மூத்த விஞ்ஞானி ஒருத்தர் கட்டுரையைப் படிச்சு, தரம் இருக்குன்னு ரெண்டு பக்கம் எழுதித் தரணும். நீங்க சொந்தக்காரர், ஆனா உங்களைவிட மூத்தவர் இங்க யாரும் இல்லை. மூணு வாரம் போதுமா?"

போதும் என்றேன். விஷயம் இதுதான்: நான் இரண்டு பக்கம் எழுதினால் என் சகலை விஞ்ஞானியாக வீட்டுக்குப் போவான். எழுதாவிட்டால் உதவியாளராகவே போவான். நான் யாருக்காக மனசு வைத்து உள்ளே கொண்டுவந்தேனோ, அவன் வெளியே போகும்போது என் பதவியோடு போகப்போகிறான்.

நூலகத்தில் ஒரு மூலை மேசையைப் பிடித்துக்கொண்டேன். நூலகப் பொறுப்பில் இருந்த அம்மா அந்தக் கட்டுரையையும், அதைக் குறிப்பிட்ட கட்டுரைகளில் கிடைத்த நானூற்றுச் சொச்சத்தையும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். பதினான்கு வருடம் கழித்து அன்றுதான் என் சகலையின் கட்டுரையை முதல்முறையாகப் படித்தேன். சொல்லத்தான் வேண்டும், எழுத்து தெளிவாக இருந்தது. சுற்றி வளைக்காமல், பொய்யாகப் பெரிய வார்த்தை போடாமல் எழுதியிருந்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது நாள் ஒன்று கண்ணில் பட்டது. மனிதர்களுக்கு இரண்டு காலும் ஒரே நீளமாக இருக்காது, ஒன்று கொஞ்சம் நீண்டிருக்கும். மேசையில் இருந்த மற்ற ஆய்வுகள் எல்லாம், அளந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இடது கால்தான் நீளம் என்றன. என் சகலையின் கட்டுரை மட்டும் வலது கால் என்றது. மேற்கோள்களில் பெரும்பகுதி அதற்காகத்தான் வந்திருந்தது. படைவீரர்களுக்கு மட்டும் ஏன் வலது கால் நீளம் என்று உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வலது தோளில் துப்பாக்கி சுமப்பதால் என்று ஒருவர் எழுதினார். அணிவகுப்பில் முதல் அடி வைப்பது இடது கால் என்பதால் வலது கால் தாங்கித் தாங்கி நீள்கிறது என்று இன்னொருவர். பரம்பரையிலேயே அப்படிப்பட்டவர்கள்தான் படையில் சேர்கிறார்கள் என்று மூன்றாமவர் நாற்பது பக்கம் எழுதி, அதற்குத் தனியாக மேற்கோள்கள் வாங்கியிருந்தார்.

எனக்கு மூக்கில் வேர்த்தது. கட்டுரையின் பின்னிணைப்பாக அவன் அளவெடுத்த தாளின் மாதிரி ஒன்று அச்சாகியிருந்தது. இரண்டு பாதங்களின் கோட்டுருவம், விரல்கள் தாளின் கீழ்ப்பக்கம் பார்த்தபடி. இடப்புறம் இருந்த பாதத்துக்கு மேலே 'இ' என்றும் வலப்புறம் இருந்ததற்கு மேலே 'வ' என்றும் அவன் கையெழுத்து. வெகுநேரம் பார்த்தேன். அப்புறம் அந்தத் தாளைப் படியெடுத்துப் பெரிதாக்கி, நூலகத் தரையில் விரித்து, பூட்ஸையும் காலுறையையும் கழற்றி, அதன்மேல் ஏறி நின்றேன்.

பெருவிரல் பெருவிரலோடு பொருந்த வேண்டுமென்றால் என் வலது காலை 'இ' மேல்தான் வைக்க வேண்டியிருந்தது.

எதிரே உட்கார்ந்தவன் தன் இடப்பக்கம் இருந்த காலை இடது என்று எழுதியிருக்கிறான். அது நிற்கிறவனுக்கு வலது. ஒன்றரை வருடம், மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் இடவலம் மாறிப்போயிருந்தது. படைவீரர்களின் கால் எல்லாரையும் போலத்தான் இருந்தது. அறுநூறு பேர் ஒன்றுமில்லாததற்குக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார், கால் வலியா?" என்றார் நூலக அம்மா, வெறுங்காலோடு நின்ற என்னைப் பார்த்து.

"இல்லைம்மா. கால் வலியெல்லாம் போயிடுச்சு" என்றேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன விசேஷம், பாட்டெல்லாம் வருது?" என்று மனைவி சந்தேகமாகக் கேட்டாள். நான் மேசை முன் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று அந்த ஆய்விதழின் ஆசிரியருக்கு: இன்ன கட்டுரையில் இடது வலது மாறியிருக்கிறது, அதை நான் கண்டுபிடித்திருக்கிறேன், என் கடிதத்தை வெளியிடுங்கள். இன்னொன்று இயக்குநருக்கு: கட்டுரையின் முக்கிய முடிவு அடிப்படையிலேயே தவறு, இதைக் கொண்டு யாரையும் விஞ்ஞானி நிலைக்கு உயர்த்துவது கூடத்துக்கு அழகல்ல. என் சகலையின் அறைக்குப் போய், இப்படி ஒன்று இருக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. காலை அளந்து வாழ்ந்தவனின் காலையே வாரிவிட்டேன்.

இயக்குநர் என் குறிப்பை இரண்டு முறை படித்தார்.

"சரி, பதவி உயர்வை விட்டுடுவோம். ஆனா மேற்கோள் எண்ணிக்கை அப்படியே நிக்கட்டும்."

"தப்பான கட்டுரை சார்."

"தப்போ சரியோ, அறுநூத்துப் பன்னிரண்டு அறுநூத்துப் பன்னிரண்டுதானே. அதை எடுத்துட்டா நாம டப்பா உணவு ஆராய்ச்சிக் கூடத்துக்கும் கீழ போயிடுவோம். எண்ணிக்கையை வச்சுக்கலாம், ஆளை உயர்த்தினாத்தான் கேள்வி வரும்."

இரண்டு நாள் கழித்துச் சகலை என் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "அண்ணே, அந்தப் பதவி விஷயம் நின்னுபோச்சாம். குறிப்புல ஏதோ சொல்லியிருக்காங்களாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்" என்றேன். குறிப்பு எழுதியவன் நான் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அன்று அவன் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. அது எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பதினாறாம் நாள் ஆய்விதழ் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. நான்கே வரி, மரியாதையான வரிகள். தாங்கள் சுட்டிக்காட்டிய பிழை உண்மை. இதைக் கட்டுரையாசிரியரே பதினோரு ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு எழுதி, இன்ன தொகுதி, இன்ன இதழின் கடைசிப் பக்கத்தில் திருத்தம் வெளியிட்டிருக்கிறோம். தாங்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்று கருதுகிறோம். இனியும் தங்கள் கடிதத்தை வெளியிட விரும்புகிறீர்களா?

நூலகத்துக்குப் போய் அந்தத் தொகுதியைக் கேட்டேன். கடைசிப் பக்கம். எடைபோடும் கருவி ஒன்றின் விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஏழு வரி.

'என் கட்டுரையில் இடது என்று குறித்தவை வலது. வலது என்று குறித்தவை இடது. அளக்கும்போது நான் வீரர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். முன்பு அளந்த வீரர் ஒருவர் அண்மையில் மறுபடி வந்தார். அவர் இடது காலில் சுண்டுவிரல் இல்லை. என் பழைய தாளில் வலது காலில் இல்லை என்று இருந்தது. அப்போதுதான் தெரிந்தது. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை, தவறு என்னுடையது மட்டும். இதுவரை இதை நம்பி எழுதியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

"இது ஏன் பட்டியலில் இல்லை?" என்று நூலக அம்மாவிடம் கேட்டேன்.

"ஒரு மேற்கோளாவது இருந்தாத்தான் சார் அந்தப் பட்டியல்ல வரும். இதை யாரும் குறிப்பிடவே இல்லை. பாதம் சார் எங்கிட்ட எத்தனை தடவை கேட்டார் தெரியுமா? அவர் பேரு பக்கத்துல 'திருத்தம் உண்டு'ன்னு போடச் சொன்னார். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லைன்னேன். அப்புறம் பலகையில அவரே நட்சத்திரம் போட்டுக் கீழ எழுதிட்டுப் போனார்."

நான் அங்கிருந்து நேராக இயக்குநரிடம் போனேன். இதையாவது நான் தள்ளிப்போடவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் ஏழு வரியையும் படித்துவிட்டு, "அவரே எழுத்துல ஒத்துக்கிட்டாரா? அது இன்னும் மோசமாச்சே" என்றார். நேர்மை என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அந்த இடத்தை முந்தின வாரமே வேறு பிரிவுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். திரும்பக் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். கேட்கலாம், ஆனால் முதலில் குறிப்பு எழுதியவரே மறுத்து எழுதினால் உங்கள் பெயர்தான் கெடும் என்றார். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

சகலையின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவன் முக்காலியில் உட்கார்ந்து அந்த மரப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அளவெடுக்க வந்த சிப்பாய் போல அவன் எதிரே.

"குறிப்பு எழுதினது நான்தான்" என்றேன்.

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ணே. ஆய்விதழ்லேருந்து உங்க கடிதத்தோட நகல் ஒண்ணு எனக்கும் அனுப்பிச்சாங்க."

"எப்போ?"

"முந்தாநாள்."

"ஏன் வந்து கேட்கலை?"

"நீங்க வந்து கேட்டீங்களா?" அவன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். "தப்பு கண்ணுல பட்ட அன்னைக்கு நடந்து வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த இதழை நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். இருபத்தஞ்சு வருஷமா ஒரே நடைக்கூடத்துல இருக்கோம். எனக்குப் பதவி போனதுகூடப் பெரிசில்லை. தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க."

அவன் பலகையைச் சுவரில் மாட்டினான். கையைக் கழுவினான். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"அந்தத் திருத்தத்தைப் படிச்சீங்களா?" என்றான்.

"இப்பத்தான் படிச்சேன்."

"முழுசா?"

"முழுசா."

"பதினோரு வருஷத்துல அதைப் படிச்சேன்னு எங்கிட்ட சொல்ற மொத ஆள் நீங்கதான்." அவன் முகத்தில் கோபம் இருந்தது, அதோடு வேறொன்றும் இருந்தது. "உங்க கடிதத்தைத் திரும்ப வாங்காதீங்க. அச்சுல வரட்டும். நான் எழுதினா யாரும் பார்க்கறதில்லை. டாக்டர்னு போட்டு நீங்க எழுதினா பார்ப்பாங்க. எத்தனை பேரு அந்தத் தப்பை நம்பி எழுதிக்கிட்டே இருக்காங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் கூசுது. ஆனா ஒண்ணு. வீட்டுல நான் எதுவும் சொல்லலை. அண்ணிகிட்டயும் எங்க வீட்டுலயும் நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். என் மனைவி இரண்டு மாதம் என்னோடு அளவாகப் பேசினாள். மைத்துனி இன்றுவரை என்னை அத்தான் என்று கூப்பிடுவதில்லை. தேவைப்பட்டால் "அக்கா, அவங்களைக் கேளு" என்பாள். ஏழு மாதம் கழித்துச் சகலை ஓய்வு பெற்றான். அவனுக்குக் கொடுத்த சான்றிதழில் தொழில்நுட்ப உதவியாளர் என்று அழகான எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதே விழாவில் இயக்குநர், எங்கள் கூடத்தின் மேற்கோள்கள் இந்த வருடம் எவ்வளவு உயர்ந்தன என்று கைதட்டலுக்கு இடையில் வாசித்தார்.

என் கடிதம் அச்சில் வந்தது. இந்தப் பிழையை ஆசிரியரே முன்பு திருத்தியிருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்து, அந்தக் கடைசிப் பக்கத்தைக் கீழே குறிப்பிட்டேன். திருத்தத்துக்கு வந்த முதல் மேற்கோள் அதுதான். இதோடு கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆகவில்லை. அவன் சொன்னது சரி, டாக்டர் என்றதும் எல்லாரும் பார்த்தார்கள். என் கடிதத்துக்கு இதுவரை எழுபத்தொரு மேற்கோள். பிழையை முதலில் கண்டுபிடித்தவர் என்று என் பெயரைப் போட்டு எழுதுகிறார்கள். நான் சேர்த்த அந்த ஒரு வரியை யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, என் சகலையினுடையது என்று அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத அரைமணி நேரம் ஆகும். நான் ஓய்வு பெற்றும் நான்கு வருடமாகிறது. நேரத்துக்குப் பஞ்சம் இல்லை. இன்னும் எழுதவில்லை.

அவன் இப்போதும் மாதம் ஒருமுறை வருவான். "அண்ணே, உங்களுது எத்தனை ஆச்சு?" என்று கேட்பான். சொன்னால், "நல்லது, விஷயம் பரவுது" என்று உண்மையாகவே சந்தோஷப்படுவான். தன்னுடையது எத்தனை என்று அவனுக்குத் தெரியாது, பார்ப்பதும் இல்லை. எனக்குத் தெரியும். கணினியைத் திறந்தால் என் பெயரைத் தேடுவதற்கு முன் அவன் பெயரைத்தான் தேடுகிறேன். போன வாரம் பார்த்தபோது தப்பான அந்தக் கட்டுரைக்கு இன்னும் எட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.